எல்லா வேலையும் தெரிந்தவருக்கு ரெய்டில் இடம் உண்டா?

என் அக்கா மகன் தீபாவளி போனஸ் பணத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், பெரிய மானிட்டர் என்று நன்றாகவே அசெம்பிள் செய்து கொடுத்திருக்கிறார்கள். வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "மாமா, நீங்க ஒரு காலத்துல விடியக்காலைல எந்திரிச்சு விளையாடுவீங்களே, அந்த வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட். அதுல எந்த கிளாஸ் எடுத்தா டேமேஜ் அதிகமா போடலாம்?"

எங்கள் ஊரில் டேமேஜ் என்றால் ஓட்டை விழுந்த பனியன். அதை அதிகமாகப் போட வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரெய்டு என்றால் வருமான வரிக்காரர்கள் வருவது. எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இந்த விளையாட்டுகளின் பக்கம் இதுவரை போகாத வாசகர்களுக்கு முதலில் சில சொற்களை விளக்கிவிடுகிறேன். பிறகு என் கட்சியைச் சொல்கிறேன்.

வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் என்பது இன்டர்நெட் வழியாகப் பல ஆயிரம் பேர் ஒரே உலகில் சேர்ந்து விளையாடும் விளையாட்டு. பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதக் கட்டணம் ஏறக்குறைய 15 டாலர். இதில் நீங்கள் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கும்போது அதற்கு ஒரு 'கிளாஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாஸ் என்றால் வகுப்பு அல்ல, தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாள் பிடிக்கும் வாரியர், மந்திரம் போடும் மேஜ், மறைந்திருந்து குத்தும் ரோக் என்று ஆரம்பத்தில் ஒன்பது தொழில்கள் இருந்தன. தனியாக வெல்ல முடியாத பெரிய அரக்கர்களை ஒரு கூட்டமாகச் சேர்ந்து அடிக்கப் போவதுதான் ரெய்டு. 2004-இல் இதற்கு 40 பேர் வேண்டும். 2007 ஜனவரியில் 'தி பர்னிங் குரூசேட்' என்ற கூடுதல் பாகம் வந்தபோது 25 பேர், 10 பேர் என்று குறைத்தார்கள்.

ரெய்டில் மூன்று வேலைகள் உண்டு. அரக்கனின் அடியை முன்னால் நின்று வாங்கிக்கொள்பவர் டேங்க். அவர் சாகாமல் பார்த்துக்கொள்பவர் ஹீலர். மற்ற எல்லோரும் அரக்கனை அடிப்பவர்கள். அவர்கள் அடிக்கும் அடியின் அளவுதான் டேமேஜ். மேஜ், ரோக் போன்றவர்கள் அடிக்க மட்டுமே பிறந்தவர்கள். ஆனால் ட்ரூயிட், பாலடின், ஷாமன் என்று மூன்று தொழில்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்யும். இவற்றைத்தான் ஹைபிரிட் கிளாஸ் என்கிறார்கள். ட்ரூயிட் கரடியாக மாறினால் டேங்க், பூனையாக மாறினால் பாய்ந்து அடிப்பவர், மனித உருவத்துக்குத் திரும்பினால் ஹீலர்.

கேட்பதற்கு ரொம்ப நன்றாக இருக்கிறது அல்லவா? எல்லா வேலையும் தெரிந்தவரை யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இது வார்கிராப்டில் ஆரம்பித்த வழக்கமும் அல்ல. 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டில் பாலடின், ஷேடோ நைட், ரேஞ்சர், பார்ட் என்ற நான்கு கலப்புத் தொழில்களுக்கு ஆரம்பத்திலேயே ஓர் அபராதம் விதித்திருந்தார்கள். அடுத்த லெவலுக்குப் போக இவர்களுக்கு அடிப்படை அளவைவிட 40 சதவீதம் கூடுதல் அனுபவப் புள்ளிகள் தேவை. இரண்டு வேலை தெரிந்தவன் மெதுவாகத்தான் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. அதோடு நிற்கவில்லை. குழுவாக விளையாடும்போது புள்ளிகளைப் பிரிக்கும் முறையால் அந்த அபராதம் கூட இருப்பவர்கள் தலையிலும் விழுந்தது. ஒரு ரேஞ்சரைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் பங்கும் குறையும். பிறகு அவரை யார் கூப்பிடுவார்கள்? அபராதத்தைப் பின்னாளில் நீக்கிவிட்டார்கள். ஆனால் கலப்புத் தொழில்காரர் கூட்டத்துக்குப் பாரம் என்ற எண்ணத்தை நீக்க முடியவில்லை.

வார்கிராப்டில் அபராதம் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் நடைமுறையில் இருந்தது. 2005-இல் 40 பேர் போகும் மோல்டன் கோர் குகையில் ட்ரூயிட்டுக்குக் கிடைத்த உடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஹீலருக்கு ஏற்ற உடைகள்தான். மூன்று வேலை தெரியும் என்று சொல்லி அழைத்துப் போய், ஒரு வேலைக்கான கருவியை மட்டும் கையில் கொடுத்தால் என்ன அர்த்தம்? பாலடின் நிலைமை இன்னும் பரிதாபம். அவர் மற்றவர்களுக்கு வழங்கும் ஆசி ஆரம்பத்தில் 5 நிமிடம்தான் நிற்கும். 40 பேருக்கும் ஒவ்வொருவராகக் கொடுத்து முடித்த சில நிமிடங்களிலேயே முதல் ஆளுக்குத் தீர்ந்துவிடும். சுத்தியலோடு வந்தவர் சண்டை முழுவதும் பிரசாதம் கொடுக்கும் வேலையில் இருந்தார். ஷாமன் ஊன்றும் கம்பங்கள் அவர் இருக்கும் ஐந்து பேர் பிரிவுக்கு மட்டுமே பலன் தரும். எனவே நன்றாக அடிக்கும் நான்கு பேருக்கு நடுவில் அவரை உட்கார வைத்துவிட்டு, அவர் அடிக்கிறாரா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்போது என் கதை. நான் 15 வேலம்பாளையம் பக்கம் 12 மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். 2007-இல் வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வைத்திருந்தேன். மாதம் 500 ரூபாய் திட்டம். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு டவுன்லோட் செய்தாலும் கணக்கில் வராது. இது எனக்கு வசதியாகப் போயிற்று. நாங்கள் விளையாடியது அமெரிக்க சர்வரில். எங்கள் குழுவில் பாதிப் பேர் அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலையில் இருந்த தமிழர்கள். அவர்கள் கிழக்குக் கடற்கரையில் கோடைக்காலத்தில் இரவு 7.30 என்றால் திருப்பூரில் அதிகாலை 5 மணி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் 5 மணிக்கு எழுந்து, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் 8 மணிக்குள் முடித்துவிடலாம். சனிக்கிழமை எங்கள் கம்பெனியில் சம்பள நாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகச் சம்பள நோட்டை எடுப்பேன். (ஒரு யோசனை: யுபிஎஸ் வாங்கினால் கம்ப்யூட்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், மோடத்தையும் மாட்டுங்கள். கரண்ட் போய் கம்ப்யூட்டர் மட்டும் ஓடினால் ரெய்டில் நீங்கள் சிலைபோல நிற்பீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது.)

குழுவில் பினாங்கைச் சேர்ந்த ஒரு தமிழர் ட்ரூயிட் வைத்திருந்தார். எல்லோரும் அவரைக் கரடியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். வழக்கமாகப் பூனையாக வந்து அடிப்பார். பை நிறையக் கரடிக்கான உடைகளையும் சுமந்துகொண்டு வருவார்.

காராஸான் என்று 10 பேர் போகும் ஒரு கோட்டை உண்டு. அதன் கடைசி அரக்கன் பிரின்ஸ் மால்செசார். மூன்று வாரமாக எங்களால் வெல்ல முடியவில்லை. நான்காவது வாரம் அவன் உயிர் கடைசிச் சில சதவீதத்தில் இருக்கும்போது எங்கள் டேங்க் விழுந்தார். அதோடு முடிந்தது என்று நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கரடியண்ணன் யாரும் சொல்லாமல் பூனையிலிருந்து கரடியாக மாறி அரக்கன் முன்னால் போய் நின்றார். ஹீலர்கள் இருந்த சக்தியையெல்லாம் அவர் மேல் கொட்டினார்கள். அரை நிமிடம் இருக்கும். அரக்கன் சாய்ந்தான். அமெரிக்காவிலிருந்து ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் ஹெட்போனைத் தாண்டிச் சத்தம் கேட்டு என் மனைவி எழுந்து வந்துவிட்டார். "கம்பெனில தீயா?" என்றார்.

சில மாதம் கழித்து 25 பேர் போகும் ரெய்டுகளுக்கு மாறினோம். யார் வரலாம் என்ற பட்டியல் போடும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். கணக்கு நோட்டு எழுதிப் பழகியவன் என்பதால் இருக்கலாம். டேமேஜ் மீட்டர் என்று ஒரு சிறிய சாப்ட்வேர் உண்டு. விளையாட்டோடு சேர்த்து ஓடவிட்டால், யார் எவ்வளவு அடித்தார்கள் என்று சண்டை முடிந்ததும் வரிசைப்படுத்திக் காட்டும். அதில் கரடியண்ணன் எப்போதும் பாதிக்குக் கீழேதான் இருந்தார். ஒரு ரோக் சேர விரும்பினார், அவர் எண்ணிக்கை நன்றாக இருந்தது. கரடியண்ணனைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டேன். "ஹீலராக வருவதென்றால் இடம் இருக்கிறது" என்று எழுதினேன். "சரி" என்று ஒரு சொல் பதில் வந்தது. இரண்டு வாரம் ஹீலராக வந்தார். பிறகு வரவில்லை.

அந்த மீட்டர் காட்டாதவற்றை இப்போது சொல்கிறேன். பூனை உருவத்தில் இருக்கும் ட்ரூயிட் தன் பிரிவில் உள்ள மற்ற நான்கு பேருக்கும், அடி இரட்டிப்பாக விழும் வாய்ப்பை 5 சதவீதம் கூட்டுகிறார். அந்தக் கூடுதல் அடி அந்த நான்கு பேர் பெயரில்தான் பதிவாகும். ஹீலருக்கு மந்திர சக்தி தீரும்போது 'இன்னர்வேட்' போட்டு நிரப்புகிறார். அதனால் பிழைத்தவர்களின் எண்ணிக்கை ஹீலர் கணக்கில் ஏறும். சண்டையின் நடுவில் செத்தவரை எழுப்பும் மந்திரம் அவரிடம் உண்டு, அப்போது 20 நிமிடத்துக்கு ஒரு முறை. எழுந்தவர் அடிப்பதெல்லாம் எழுந்தவர் கணக்கு. இதற்காக அவர் பூனை உருவத்தை விட்டு வெளியே வரும்போது அவருடைய அடி நின்றுவிடும். அதை மட்டும் மீட்டர் சரியாகக் காட்டும்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது என்னவென்றால், இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதது அல்ல. டி-சர்ட் தைப்பதில் தோள், பக்கம் சேர்ப்பதற்கு ஓவர்லாக் மிஷின். அடி மடிப்பு, கை மடிப்புக்குப் பேட்லாக். லேபிள், பட்டன் பட்டிக்கு சிங்கர். டைலர்கள் பெரும்பாலும் ஒரு மிஷினில் கை பழகியவர்கள். எங்கள் கம்பெனியில் ஓர் அக்கா மூன்றும் ஓட்டுவார். பேட்லாக்கில் பண்டல் குவிந்தால் அங்கே உட்காருவார். சிங்கர் ஆள் லீவு போட்டால் அங்கே போவார். பீஸ் ரேட் போட்டுச் சம்பளம் கொடுத்தால் அவருக்குத்தான் குறையும், ஏனென்றால் மிஷின் மாறி மாறி உட்காருகிறவருக்கு எந்த மிஷினிலும் எண்ணிக்கை ஏறாது. அவர் இல்லாத நாளில் லைன் முழுவதும் எண்ணிக்கை விழும். எனவே அவருக்குப் பீஸ் கணக்கு கிடையாது. ஷிப்ட் சம்பளம், அதுவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு தடவை அவர் 10 நாள் ஊருக்குப் போனபோது புரிந்தது. சனிக்கிழமை 8 மணிக்கு மேல் தெரிந்த விஷயம், 5 மணிக்கு எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்து வந்த வாரங்களில் சர்ப்பென்ட்ஷ்ரைன் கேவர்ன் என்ற ரெய்டில் நாங்கள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். மீட்டரில் எங்கள் எண்ணிக்கைகள் அழகாகத்தான் இருந்தன. டேங்க் விழுந்தால் 24 பேரும் விழுந்தோம்.

எல்லாம் திட்டப்படி நடக்கும்போது ஹைபிரிட் கொஞ்சம் குறைவாகத்தான் தெரிவார். திட்டம் உடையும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவர் கூட வருகிறார். மீட்டரோ திட்டப்படி நடந்ததை மட்டும்தான் அளக்கும். 10 பேர் ரெய்டில் ஒருவர் விழுந்தாலே பள்ளம் தெரியும் என்பதால் ஹைபிரிட் அருமை எல்லோருக்கும் புரியும். 40 பேர் இருந்தால் ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஏற்கெனவே இருப்பார், அவர் வெறும் ஆசி கொடுக்கும் மிஷின் ஆகிவிடுவார்.

மேஜ் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு அடிப்பது தவிர வேறு பிழைப்பு கிடையாது. ட்ரூயிட் அவர் அளவுக்கே அடித்து, கூடவே டேங்க், ஹீலர் வேலையும் பார்த்தால், மேஜ் எடுத்தவர் முட்டாளா? விளையாட்டை உருவாக்குபவர்களும் பல ஆண்டுகள் இதையே சொன்னார்கள், ஒரு வேலை மட்டும் தெரிந்தவர் அந்த வேலையில் சற்று மேலே இருக்க வேண்டும் என்று. ஆட்டக்காரர்கள் இதற்கு 'ஹைபிரிட் வரி' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் வரி நியாயம்தான் என்பது என் கருத்து. 2005-இல் வாங்கியது கொஞ்சம் அல்ல.

2008 நவம்பரில் 'ராத் ஆப் தி லிச் கிங்' வந்தபோது பிளிசார்ட் கொள்கையை மாற்றியது. தொழிலைப் பார்த்து ஆள் எடுக்க வேண்டாம், நல்ல ஆட்டக்காரரை அழைத்து வாருங்கள் என்றார்கள். ஆசிகளை ரெய்டு முழுவதற்கும் பொதுவாக்கினார்கள். 2009 ஏப்ரலில் இரட்டைத் திறன் வசதி வந்தது. 1,000 தங்கக் காசு கட்டினால் இரண்டு விதமான திறன் அமைப்புகளைச் சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளலாம். வரியும் காலப்போக்கில் கரைந்தது. இன்று பூனை ட்ரூயிட்டை மீட்டரில் மேலேயே பார்க்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரட்டைத் திறனைச் சண்டைக்கு நடுவில் மாற்ற முடியாது. 2012-இல் பூனையையும் கரடியையும் இரண்டு தனித்தனிப் பிரிவுகளாகவே பிரித்துவிட்டார்கள். அதுவரை ஒரே திறன் அமைப்பில் இரண்டும் இருந்ததால்தான் கரடியண்ணன் அன்று முன்னால் போய் நிற்க முடிந்தது. இப்போதும் பூனை கரடியாகலாம், ஆனால் அது டேங்குக்கான பயிற்சி இல்லாத கரடி. மூன்று மிஷின் தெரிந்த அக்காவுக்கு ஓவர்லாக் டைலர் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, "இனி ஓவர்லாக்கை விட்டு எழுந்திருக்காதே" என்று சொன்னது போல இருக்கிறது. கூலி சரியாகிவிட்டது, வேலை போய்விட்டது. மற்றவர்கள் இதை முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

கில்ட் வார்ஸ் 2 என்ற விளையாட்டு 2012-இல் டேங்க், ஹீலர் என்ற பிரிவினையே வேண்டாம், எல்லோரும் எல்லாம் செய்யட்டும் என்று துணிந்து வந்தது. 2015-இல் 10 பேர் ரெய்டுகளைக் கொண்டுவந்தபோது அடி வாங்க ஒருவர், காப்பாற்ற ஒருவர் என்று பழைய பிரிவினை பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. கூட்டம் கூடினால் வேலைப் பிரிவினை வந்தே தீரும் போலிருக்கிறது.

அக்கா மகன் விளையாட விரும்பியது பழைய வடிவத்தை. 2019 ஆகஸ்டில் பிளிசார்ட் அதை 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் திறந்தது. பழைய ஆட்டம்தான், ஆனால் ஆட்டக்காரர்கள் பதினைந்து ஆண்டுக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். ரெய்டுகளில் வாரியர்களாக நிரப்பினார்கள். பூனையாக வருகிறேன் என்றால் சிரித்தவர்கள் உண்டு.

எனவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது. உங்களுக்கு மீட்டரில் முதல் பெயராக வர ஆசை என்றால் மேஜ், ரோக் எடுங்கள், அதில் தவறு இல்லை. நண்பர்கள் ஐந்து பேர், பத்து பேர் மட்டும் சேர்ந்து விளையாடுவதென்றால் ஒருவராவது ட்ரூயிட் எடுங்கள். எடுத்தவர் மூன்று வேலையும் கற்றுக்கொள்ள வேண்டும். "பூனையாக வந்தேன், பூனையாகத்தான் இருப்பேன்" என்று அடம் பிடிக்கும் ஹைபிரிட்டால் யாருக்கும் பயன் இல்லை. அவர்களால்தான் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர். பட்டியல் போடும் இடத்தில் இருப்பவர்கள் பொருள் பங்கிடும் விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். முதன்மை வேலைக்குத்தான் முதல் உரிமை என்று பெரும்பாலான குழுக்கள் வைத்திருக்கின்றன. பூனையாக வருபவருக்குக் கரடி உடை கடைசியில்தான் கிடைக்கும், மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியது. டேங்க் விழுந்தால் அந்தத் தள்ளிய உடையோடுதான் அவர் உங்கள் முன்னால் நிற்கப் போகிறார்.

கரடியண்ணனுக்கு அந்த ஆண்டே ஒரு மெயில் அனுப்பினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போடாமல் சுற்றி வளைத்து எழுதியிருந்தேன். பதில் இல்லை.

அக்கா மகன் கடைசியில் ட்ரூயிட்தான் எடுத்தான். நான் சொல்லி அல்ல, கரடி உருவம் பார்க்க நன்றாக இருந்ததாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். பை நிறைந்துவிட்டது, கரடி உடைகளை விற்றுவிடலாமா என்று கேட்டான். விற்காதே, பேங்கிலும் போட்டு வைக்காதே, கொஞ்சம் பெரிய பையாக வாங்கிக்கொள் என்றேன். எத்தனை தங்கக் காசு ஆகும் என்று கேட்டான். நான் விளையாடி வருடக்கணக்காகிறது, விலை எப்படி ஞாபகம் இருக்கும்?